முதல் எழுத்து யாருடையது?

மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயில் கிளம்பும்போது உட்கார இடம் கிடைத்தவர்கள் உடனே கண்ணை மூடிக்கொள்வார்கள். கிடைக்காதவர்கள் பேசிக்கொண்டு வருவார்கள். கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்ட பிறகு, பூமிக்குள் இறங்கிக்கொண்டிருந்த ஊர் பெங்களூருக்கு ரயிலேற ஆரம்பித்தது. அப்பாக்கள் ஷிப்டுக்குப் போன நேரத்தில் பிள்ளைகள் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். மொழிபெயர்ப்பு வேலைக்காக வாரத்தில் இரண்டு நாள் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

சென்ற மாதம் ஒருநாள் என் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தவன் எங்கள் எதிர் லைன் வீட்டுப் பையன். பெங்களூரில், மற்ற நிறுவனங்களின் கம்ப்யூட்டர் நெட்வொர்க்குகளைப் பராமரித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. முகம் தூங்காத முகமாக இருந்தது.

“அக்கா, ஒரே ஒரு பைட்டு. அதனால முந்தா நாள் ஒரு காலேஜே பரீட்சை எழுத முடியாம நின்னுச்சு” என்றான்.

பைட் என்பது கம்ப்யூட்டரின் கணக்கில் ஓர் எழுத்துக்கான இடம். 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண் அதில் அடங்கும். அவ்வளவு சின்ன விஷயம் எப்படி ஒரு கல்லூரியை நிறுத்திவைக்கும்?

நடந்தது இதுதான். அந்தக் கல்லூரியில் விடுமுறையின்போது நெட்வொர்க் கருவிகளை மாற்றினார்கள். பழையவை ஒரு கம்பெனியுடையவை, புதியவை வேறு கம்பெனியுடையவை. விடுமுறை முடிந்து மாணவர்கள் கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வுக்கு வந்தார்கள். பெயரைக் கொடுத்தார்கள், பாஸ்வேர்டைக் கொடுத்தார்கள். எல்லாம் சரி என்று பதில் வந்தது. கதவும் திறந்தது. ஆனால், திறந்த கதவு விருந்தாளிகளுக்கான அறையின் கதவு. வினாத்தாள் இருந்த அறை வேறு.

“தப்புன்னு சொல்லி வெளிய நிறுத்தியிருந்தா அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்போம். சரின்னு உள்ள விட்டுட்டு வேற எடத்துல உக்கார வெச்சிடுச்சு. சர்வர்ல பாத்தா எல்லாம் பச்சை” என்றான்.

காரணத்தைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஒரு டேக். அது இருந்தாலும் இருக்கும், இல்லாமயும் இருக்கும்.” நெட்வொர்க் தொழில்நுட்பப் பயிற்சிக்கான ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருந்த நான், சரியாக அந்த இரண்டு சொற்களில்தான் மூன்று நாட்களாகச் சிக்கிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் இருக்கும் டேக். எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு இதற்கொரு சொல் கிடைக்கவில்லையா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்ற கவலை வேறு.

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பு தரத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பியில் மோடம் கீச்சிட்டு முடிக்கும்வரை காத்திருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கீச்சொலிக்கு மறுமுனையில் ஒரு கருவி இருக்கும். கூப்பிடுகிறவர் யார், கட்டணம் கட்டியவரா, எவ்வளவு நேரம் விடலாம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஊரெங்கும் இப்படி நூறு கருவிகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் எல்லா வாடிக்கையாளர்களின் பெயரையும் எழுதிவைக்க முடியுமா? முடியாது. ஆகவே, பெயர்ப்பட்டியலை ஒரே இடத்தில் வைத்துவிட்டு, வாசலில் இருக்கும் கருவிகள் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி செய்தார்கள். அந்தக் கேள்வி பதிலுக்கான ஒழுங்குமுறைதான் ரேடியஸ். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லிவிங்ஸ்டன் என்டர்பிரைசஸ் என்ற கம்பெனி தன் கருவிகளுக்காக உருவாக்கியது. 1997 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 2058 என்ற பொது ஆவணமாக வெளியாயிற்று. திருத்தங்களுக்குப் பிறகு 2000 ஜூனில் வந்த ஆர்.எஃப்.சி. 2865-தான் இன்றுவரை அடிப்படை.

மோடம் போய்விட்டது, ரேடியஸ் போகவில்லை. அலுவலகத்திலோ கல்லூரியிலோ உங்கள் சொந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து ஒயர்லெஸ் நெட்வொர்க்கில் நுழைகிறீர்கள் என்றால், பெரும்பாலும் வாசலுக்குப் பின்னால் ஒரு ரேடியஸ் சர்வர் உட்கார்ந்திருக்கிறது.

தங்கவயல்காரர்களுக்கு இது புரியாத ஏற்பாடல்ல. என் அப்பா சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தவர். கீழே இறங்குமுன் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்களாம். மேலே வந்ததும் பலகையில் திரும்ப மாட்டுவார்களாம். பலகையில் எந்த ஆணி காலியாக இருக்கிறதோ அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். வாசலில் நிற்பவருக்கு அப்பாவைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வில்லையின் எண்ணும் ஆபீஸ் ரிஜிஸ்தரும் ஒத்துப்போனால் போதும்.

ரேடியஸ் சர்வர் ‘ஆள் சரிதான்’ என்று சொல்வதோடு நிறுத்துவதில்லை. ஆளை எங்கே உட்கார வைப்பது, எவ்வளவு நேரம் விடுவது என்ற விவரங்களையும் அதே பதிலில் எழுதி அனுப்புகிறது. ஒவ்வொரு விவரத்துக்கும் ஆட்ரிபியூட் என்று பெயர். ஆட்ரிபியூட் ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பெட்டி. முதல் பைட் அது எந்த விவரம் என்ற எண். இரண்டாவது பைட் பெட்டியின் நீளம். மீதி, அதிகபட்சம் 253 பைட், விவரம். இதில் ஊகத்துக்கு இடமே இல்லை. பெட்டிக்குள் முதல் எழுத்து என்பது விவரத்தின் முதல் எழுத்துதான்.

ஊகம் எங்கே நுழைந்தது? 2000 ஜூனில் வந்த இன்னொரு ஆவணத்தில். அதன் எண் ஆர்.எஃப்.சி. 2868. சிஸ்கோவைச் சேர்ந்த க்ளென் சோர்னும் வேறு ஐந்து பேரும் எழுதியது. ஒரு நெட்வொர்க்கின் வழியாக இன்னொரு நெட்வொர்க்குக்குத் தனிவழி போட்டுக் கொடுப்பதை டனல் என்கிறார்கள். ‘சுரங்கவழி’ என்று நான் தமிழாக்கியிருக்கிறேன். சுரங்கத்தை மூடிய ஊர்க்காரியால் அந்தச் சொல்லைச் சும்மா எழுதிவிட்டுப் போக முடியவில்லை.

சர்வர் ஒரு சுரங்கவழியைச் சொல்லும்போது அதன் வகை, போய்ச் சேரும் இடம், பாஸ்வேர்டு என்று பல பெட்டிகள் அனுப்ப வேண்டும். முதல் வழி அடைபட்டிருந்தால் இரண்டாவது என்று மாற்று வழியையும் சேர்த்துச் சொல்லலாம். அப்போது பாஸ்வேர்டுகள் இரண்டு, இடங்கள் இரண்டு. எந்தப் பாஸ்வேர்டு எந்த வழிக்கு? இதற்காகத்தான் டேக். பெட்டிக்குள் விவரத்துக்கு முன்னால் ஒரு பைட்டில் 1 முதல் 31 வரை ஓர் எண். ஒரே எண் தாங்கிய பெட்டிகளெல்லாம் ஒரே வழியைச் சேர்ந்தவை. அப்பாவின் பித்தளை வில்லையேதான். ‘வில்லைச் சேவகன்’ என்று ஒரு பழைய பிரயோகமும் இருப்பதால், டேக்குக்கு ‘வில்லை’ என்றே எழுதிவிட்டேன். மீதி இருந்தது அந்த ‘இருந்தாலும் இருக்கும்’.

ஒரே ஒரு வழிதான் என்றால் வில்லை எதற்கு? தேவையில்லை. விட்டுவிடலாம். ஆனால், பெட்டியை வாங்குகிறவனுக்கு ஒரு கேள்வி வந்துவிடுகிறது. முதலில் இருக்கும் பைட் வில்லையா, விவரத்தின் முதல் எழுத்தா?

தமிழனுக்கு இந்தக் கேள்வி புதிதா என்ன? நம் ஒவ்வொருவரின் பெயருக்கு முன்னாலும் இப்படி ஓர் எழுத்து நிற்கிறது. உதாரணத்துக்கு கே. மணி என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். கே அப்பாவின் பெயராக இருக்கலாம், சொந்த ஊராக இருக்கலாம். தமிழ்நாட்டு வழக்கத்தில் முன்னால் வரும். கர்நாடகத்துப் பள்ளிச் சான்றிதழில் பின்னால் போய் மணி கே. ஆகிவிடும். புள்ளியை விட்டுவிட்டு ஒரு குமாஸ்தா ஆங்கிலத்தில் சேர்த்து அடித்தால் ‘க்மணி’ என்று ஒரு புது ஆள் பிறந்துவிடுவார். முதல் எழுத்து பெயருக்கு வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று வாசிக்கிறவருக்குத் தெரிந்தால்தான் பெயர் பிழைக்கும்.

ஆர்.எஃப்.சி. 2868 எழுதியவர்கள் இதற்கு அழகான ஒரு விடை கண்டார்கள். கம்ப்யூட்டரின் எழுத்து வரிசையில் 32-க்குக் கீழே உள்ள எண்கள் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் அல்ல. அடுத்த வரிக்குப் போ, மணி அடி என்பது போன்ற பழைய டெலிபிரின்டர் கட்டளைகள். எந்த மனிதனும் ஒரு பெயரை அப்படித் தொடங்க மாட்டான். ஆகவே, விவரம் எழுத்தாக இருக்கும் பெட்டிகளில் முதல் பைட் 1 முதல் 31-க்குள் இருந்தால் அது வில்லை. 31-க்கு மேலே போனால் வில்லை இல்லை, அது விவரத்தின் முதல் எழுத்து.

இந்த விதியைப் படித்ததும் நான் முதலில் பார்த்தது தமிழைத்தான். யூனிகோடைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்கான யூனிகோடு குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். அவற்றில் முதலாவது எப்போதும் 224. 31-க்கு வெகு மேலே. ஒரு கல்லூரி தன் நெட்வொர்க் பிரிவுக்கு ‘தங்கவயல்’ என்று தமிழிலேயே பெயர் வைத்தாலும் இந்த விதி அதன் முதல் எழுத்தைப் பிடுங்கிக்கொள்ளாது. சின்ன திருப்தி.

எண்களின் விஷயம் வேறு. எண்ணை எண்ணாகவே எழுதினால் அதன் முதல் பைட் 1-க்கும் 31-க்கும் நடுவே விழுந்து வில்லையாகிவிடலாம். ஆகவே, எண்ணாக எழுதும் பெட்டிகளில் முதல் பைட் எப்போதும் வில்லைக்கென்றே ஒதுக்கப்பட்டது. வில்லை இல்லாவிட்டால் அங்கே பூஜ்யம் நிற்கும். மிச்சமுள்ள மூன்று பைட்டில்தான் எண். பாஸ்வேர்டுப் பெட்டியிலும் இதே கட்டாயம். பாஸ்வேர்டை மறைத்து அனுப்புவதால் அதன் முதல் எழுத்து 0 முதல் 255 வரை எதுவாகவும் இருக்கலாம். அங்கே ஊகம் செல்லாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குச் சொல் கிடைத்தது. கிடைத்த இடம் நன்னூல். சொல்லுக்கும் வேற்றுமை உருபுக்கும் நடுவே வரும் சாரியையைப் பற்றிப் பவணந்தியார் விதி சொல்லும்போது, அது வருவதும் உண்டு, வராமல் தவிர்வதும் உண்டு, இரண்டுக்கும் இடம் தருவதும் உண்டு என்று மூன்று நிலைகளைச் சொல்கிறார். மூன்றாவதன் பெயர் விகற்பம். மரம் என்பதோடு ஐ சேர்ந்தால் மரத்தை. அங்கே அத்து வந்தே தீர வேண்டும். கல் என்பதோடு ஐ சேர்ந்தால் கல்லை என்றாலும் சரி, கல்லினை என்றாலும் சரி. கல்லினை என்று கேட்கும் எந்தத் தமிழனும் ‘கல்லின்’ என்றொரு பொருளைத் தேடிக்கொண்டு போவதில்லை. நடுவில் நிற்பது சாரியை என்று அவனுக்குத் தெரியும்.

ரேடியஸிலும் அதே மூன்று நிலை. எண்ணுக்கும் பாஸ்வேர்டுக்கும் வில்லை வந்தே தீரும். சாதாரண ஆட்ரிபியூட்களில் வரவே வராது. சுரங்கவழியின் எழுத்துப் பெட்டிகளில் விகற்பம். நன்னூலை எழுதுவித்த சீயகங்கனைக் கல்வெட்டுகள் குவளாலபுரத்துத் தலைவன் என்கின்றன. குவளாலபுரம் என்பது எங்கள் மாவட்டத் தலைநகரான கோலார்தான். ஏழெட்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய உள்ளூர்க்காரர் உதவிக்கு வந்ததுபோல் இருந்தது. ‘விகற்ப வில்லை’ என்று எழுதிவிட்டேன்.

சரி, விதி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது கல்லூரி ஏன் நின்றது?

ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனி அறைகளாகப் பிரிப்பதற்கு வி-லான் என்று பெயர். மாணவர் அறை, ஆசிரியர் அறை, விருந்தாளி அறை. இந்தப் பிரிவுகளைச் சொல்வதற்கும் சுரங்கவழிப் பெட்டிகளையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 2003 செப்டம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 3580 வழிசொன்னது. மூன்று பெட்டிகள் வேண்டும். 64-ஆம் எண் பெட்டியில் ‘இது வி-லான்’ என்ற வகை. 65-இல் எந்த ஊடகம் என்பது. 81-இல் அறையின் எண், எண்ணாக இல்லாமல் எழுத்துகளாக. மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு முழு வாக்கியம்.

அந்தக் கல்லூரியின் சர்வரில் என்றோ யாரோ எழுதிவைத்த மூன்று வரிகளில் முதல் இரண்டுக்கு வில்லை இல்லை. மூன்றாவதில் மட்டும், எங்கிருந்தோ பார்த்து எழுதியதாலோ என்னவோ, 1 என்று ஒரு வில்லை தொங்கிக்கொண்டிருந்தது. பழைய கருவி வில்லைகளைச் சட்டை செய்யாத கருவி. மூன்று பெட்டிகளையும் ஒன்றாகப் படித்துவிட்டு மாணவரைச் சரியான அறையில் விட்டது. வருஷக்கணக்கில் ஒரு குறையும் இல்லை. புதிய கருவி விதிப்படி நடக்கும் கருவி. வில்லை வாரியாகப் பிரித்தது. வில்லை இல்லாத கூட்டத்தில் வகை இருந்தது, அறை எண் இல்லை. ஒன்றாம் வில்லைக் கூட்டத்தில் அறை எண் இருந்தது, வகை இல்லை. இரண்டுமே அரை வாக்கியம். அரை வாக்கியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? எல்லோரையும் விருந்தாளி அறைக்கு அனுப்பிவிட்டது.

“யார் மேலக்கா தப்பு?” என்று கேட்டான் பையன். “பழைய பெட்டி தப்பாப் படிச்சு சரியா வேலை செஞ்சுது. புதுப் பெட்டி சரியாப் படிச்சு கெடுத்துடுச்சு.”

எனக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. ஒரே வழிக்கான விவரம் என்றால் எல்லாப் பெட்டிகளிலும் வில்லை இடத்தில் பூஜ்யம் இருக்கட்டும், மாற்று வழிகள் இருந்தால் மட்டும் 1 முதல் 31 வரை எண் கொடுங்கள் என்று ஆர்.எஃப்.சி. 3580-இலேயே எழுதியிருக்கிறது. வரி எழுதியவர் அதைப் படித்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. ஆனால், அந்தப் பூஜ்யத்திலும் ஒரு பொறி இருக்கிறது. எழுத்துப் பெட்டியில் வில்லை இல்லை என்பதைக் காட்டப் பூஜ்யத்தை எழுதுவதா, அந்தப் பைட்டையே விட்டுவிடுவதா? 1 முதல் 31 வரை வில்லை, அதற்கு மேலே எழுத்து என்று சொன்ன 2868-இன் விதி, எழுத்துப் பெட்டியில் பூஜ்யம் வந்தால் என்ன செய்வது என்பதை அதே தெளிவோடு சொல்லவில்லை. ஒரு கருவி அதை வெற்று வில்லை என்று கழித்துவிடும். இன்னொன்று அதைப் பெயரின் முதல் எழுத்தாக எடுத்துக்கொண்டு, ‘20’ என்ற அறையைத் தேடாமல், கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தில் தொடங்கும் வேறு அறையைத் தேடும். கிடைக்காது.

நல்ல சர்வர் சாஃப்ட்வேர் இதை எப்படிச் சமாளிக்கிறது என்பதற்கு ஃப்ரீரேடியஸ் ஓர் உதாரணம். 1999-இல் தொடங்கிய, யாரும் பிரித்துப் பார்க்கக்கூடிய இலவச சாஃப்ட்வேர் இது. இதனோடு ஓர் அகராதி வருகிறது. ஒவ்வொரு ஆட்ரிபியூட்டின் பெயர், எண், அது எழுத்தா எண்ணா என்ற விவரம், கடைசியில் ‘இதற்கு வில்லை உண்டு’ என்ற ஒரு குறிப்பு. குறிப்பு இல்லாத பெட்டியில் வில்லையைத் தேடவே கூடாது. குறிப்பு உள்ள பெட்டியில் எண்ணானால் ஒரு விதி, எழுத்தானால் ஒரு விதி, பாஸ்வேர்டானால் ஒரு விதி. சரிபார்க்கும்போது இன்னொரு முடிவும் எடுத்தாக வேண்டும். வில்லையைக் குறிப்பிடாமல் ஒரு பெட்டியைத் தேடினால், வில்லை இல்லாததை மட்டும் காட்டுவதா, எந்த வில்லை இருந்தாலும் காட்டுவதா? இரண்டும் நியாயமான பதில்கள்தான். எது என்பதை எழுதிவைக்காமல் விடுவதுதான் அநியாயம்.

இன்னொன்றும் உண்டு. வில்லை, அறை எண் எல்லாம் அந்தந்த வாசலுக்குள் மட்டும் செல்லும். எடுரோம் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்து மாணவர் இன்னொரு பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் தன் சொந்தப் பாஸ்வேர்டால் அங்கே ஒயர்லெஸில் நுழையலாம். இந்தியாவில் எர்நெட் இதை நடத்துகிறது. ஆள் யார் என்று சொல்வது சொந்தக் கல்லூரியின் சர்வர். ஆனால், அது அறை எண்ணையும் சேர்த்து அனுப்பினால், விருந்தோம்பும் கல்லூரி அந்தப் பெட்டிகளைக் கழித்துவிட வேண்டும். அங்கே 20 ஆசிரியர் அறையாக இருக்கலாம், இங்கே 20 கணக்குப் பிரிவாக இருக்கலாம்.

இவ்வளவையும் ஒரு கம்ப்யூட்டர்க்காரர்களின் தலைவலி என்று விட்டுவிடலாம்தான். ஆனால், எங்கள் ஊருக்கு வாசலில் நின்ற அனுபவம் நீளம். சிவசமுத்திரத்தின் மின்சாரம் 1902-இல் முதன்முதலில் வந்து சேர்ந்தது தங்கவயலுக்குத்தான், பெங்களூருக்கு அல்ல. புதிய பொறிகள் இங்கே சீக்கிரம் வந்தன. ஆட்களை அடையாளம் பார்க்கும் புதிய முறைகளும் அப்படியே. 1930-இல் தங்கவயல் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திப் போராடியதற்கு முக்கியக் காரணமே, கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று வந்த ஏற்பாடுதான். நான் யார் என்று கேட்பது உன் உரிமை, எப்படிக் கேட்கிறாய் என்பதில் எனக்கும் ஒரு சொல் உண்டு என்று அவர்கள் சொன்னதாகத்தான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

என் வீட்டுக் கதையும் ஒன்று உண்டு. சுரங்கம் மூடிய பிறகு அப்பாவுக்கு வர வேண்டிய தொகை ஒன்று வந்தது. கம்பெனி ரிஜிஸ்தரில் இனிஷியல் முன்னால். பாஸ்புக்கில் இனிஷியல் கிடையாது. ரேஷன் கார்டில் இனிஷியல் விரிந்து, தாத்தாவின் பெயரே முழுசாகப் பின்னால். மூன்றும் அப்பாதான். கவுன்ட்டரில் இருந்தவருக்கு மூன்று பேர். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. இனிஷியல் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு விதி இருந்தது. இல்லாவிட்டால் என்ன செய்வது என்று யாரும் எழுதித் தரவில்லை. எழுதித் தராததால் அவர் பத்திரமான வழியைத் தேர்ந்துகொண்டார். பணத்தைக் கொடுக்கவில்லை. அப்பா நோட்டரியிடம் போய், ‘மேற்படி பெயர்கள் அனைத்தும் என்னையே குறிக்கும்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பூமிக்கடியில் முப்பது வருஷம் வேலை பார்த்தபோது ஒரு பித்தளை வில்லைக்கு அவரைத் தெரிந்திருந்தது. மேலே வந்ததும் தன்னை நிரூபிக்க இருபது ரூபாய் முத்திரைத்தாள் தேவைப்பட்டது.

இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று ஒன்றை வைப்பவர்கள் தாராள மனதோடுதான் வைக்கிறார்கள். யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாமே என்ற எண்ணம். ஆனால், அந்தத் தாராளத்துக்கு ஒரு செலவு இருக்கிறது. இருக்கும்போது என்ன செய்வது என்பதை எவ்வளவு கவனமாக எழுதுகிறோமோ அவ்வளவு கவனமாக இல்லாதபோது என்ன செய்வது என்பதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்தச் செலவு விதி வகுத்தவர் தலையில் விழாது. தேர்வு நாளன்று சரியான பாஸ்வேர்டோடு வாசலில் நிற்கும் மாணவர் தலையில் விழும், கவுன்ட்டரில் நிற்கும் கிழவர் தலையில் விழும்.

ரேடியஸ்காரர்கள் இதைக் கற்றுக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். 2013 ஏப்ரலில் வந்த ஆர்.எஃப்.சி. 6929, ஒரு வழியைச் சேர்ந்த விவரங்களையெல்லாம் ஒரு பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டிகளாக அடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஒன்றாக இருக்க வேண்டியவை ஒரே பெட்டியில் இருந்தால் முதல் எழுத்தைப் பார்த்து ஊகிக்கும் வேலையே இல்லை. ஆனாலும் பழைய பெட்டிகள் போய்விடவில்லை. வி-லான் எண் இன்னமும் 81-ஆம் பெட்டியில்தான் பயணம் செய்கிறது. பழைய ரிஜிஸ்தர்கள் அவ்வளவு சீக்கிரம் செத்துப்போவதில்லை.

ரயில் பங்காருப்பேட்டை தாண்டியதும் கூட்டம் இன்னும் நெருக்கியது. கடைசியில் என்ன செய்தாய் என்று கேட்டேன்.

“மூணாவது வரில இருந்த ஒண்ண எடுத்துட்டேன்க்கா. அவ்ளோதான். மதியம் பரீட்சை நடந்துச்சு.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: “அதுக்கு மேல ஒரு வரி எழுதி வெச்சேன். மூணுக்கும் வில்லை வேணாம், வெச்சா மூணுக்கும் வைக்கணும்னு. எனக்கப்புறம் வர்றவன் பாக்கணுமில்ல?”

வில்லை என்ற சொல்லை அவனிடம் நான் சொல்லி அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது.